ஆறு தொகுதிகள், நான்கு எம்.பி.க்கள்: புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி கலைந்த கதை

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் 178 முதல் 183 வரை விரலை ஓட்டிப் பாருங்கள். கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. ஆறும் ஒரே மாவட்டம், எண்களும் அடுத்தடுத்து. இப்போது ஒவ்வொன்றும் எந்த மக்களவைத் தொகுதியில் சேர்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். கந்தர்வகோட்டைக்கு 24, விராலிமலைக்கு 23, புதுக்கோட்டைக்கு மறுபடி 24, திருமயத்துக்கும் ஆலங்குடிக்கும் 31, அறந்தாங்கிக்கு 35. 23 என்பது கரூர், 24 திருச்சிராப்பள்ளி, 31 சிவகங்கை, 35 ராமநாதபுரம்.

தமிழ்நாட்டில் மொத்தம் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். வகுத்தால் மீதியில்லாமல் ஆறு வரும். ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஓர் எம்.பி. புதுக்கோட்டை மாவட்டத்திடம் இருப்பதும் சரியாக ஆறுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் 2009 முதல் புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவையில் யாரும் உட்கார்ந்ததில்லை. இந்தக் கணக்கு எங்கே இடறியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

சமஸ்தானத்திலிருந்து தொகுதிக்கு

புதுக்கோட்டைக்காரர்களின் வருத்தம் ஒரு தொகுதியை இழந்த வருத்தம் மட்டுமல்ல. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுற்றியிருந்த திருச்சியும் தஞ்சாவூரும் ராமநாதபுரமும் வெள்ளையர் ஆட்சியின் நேரடி ஜில்லாக்களாக இருந்தபோது, நடுவில் தொண்டைமான்களின் சமஸ்தானமாக இது தனித்து நின்றது. தனக்கென நாணயம் அடித்த ஊர். ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் பொறித்த அம்மன் காசு இன்றைக்கும் சிலர் வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. பிரதிநிதித்துவம் என்ற சொல்லும் இங்கே புதிதல்ல. 1902-ல் ஒரு பிரதிநிதிகள் சபை, 1924-ல் சட்டசபை என்று சமஸ்தானத்துக்குள்ளேயே, அதிகாரம் குறைவானதாக இருந்தாலும், மன்றங்கள் நடந்திருக்கின்றன. 1948 மார்ச் 3-ல் ராஜகோபால தொண்டைமான் காலத்தில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. மாவட்டமாகத் தனித்து வர 1974 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளைக் கொண்டு அது உருவானது. அரண்மனையே ஆட்சியர் அலுவலகமானது.

இடைப்பட்ட அந்த 26 ஆண்டுகளில் சமஸ்தானமும் இல்லை, மாவட்டமும் இல்லை. புதுக்கோட்டை என்ற பெயரைத் தில்லி வரை கொண்டுபோனது மக்களவைத் தொகுதி ஒன்றுதான். 2008-ல் போனது அந்தப் பெயர்.

பதினான்கு தேர்தல்கள்

முதல் பொதுத் தேர்தலிலேயே இந்தத் தொகுதி காங்கிரஸுக்குப் பிடிகொடுக்கவில்லை. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு வென்றார். 1957-ல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார். அடுத்த இரண்டு தேர்தல்களிலும் ஆர். உமாநாத். 1962-ல் இந்தியக் கம்யூனிஸ்டாக வென்றவர், கட்சி பிளவுபட்ட பிறகு 1967-ல் மார்க்சிஸ்டாக வென்றார். கட்சியின் பெயர் மாறியும் தொகுதி அவரை மாற்றவில்லை. பெரிய ஆலைகள் இல்லாத, ஏரியையும் கண்மாயையும் நம்பி வானம் பார்த்த இந்தப் பூமி, ஒரு தொழிற்சங்கத் தலைவரை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பியது என்பது அன்றைய அரசியலைப் பற்றி நிறையச் சொல்லும்.

பிறகு மாநில அலை எப்படி அடித்ததோ அப்படி. 1971-ல் திமுகவின் வீரையா, 1977-ல் அதிமுகவின் இளஞ்செழியன், 1980-ல் காங்கிரஸின் வி.என். சுவாமிநாதன். 1984, 1989, 1991 மூன்றிலும் காங்கிரஸின் என். சுந்தரராஜ். 1996-ல் திருச்சி சிவா, 1998-ல் ராஜா பரமசிவம், 1999-ல் எம்ஜிஆர் அதிமுகவின் சு. திருநாவுக்கரசர், 2004-ல் திமுகவின் எஸ். ரகுபதி. கடைசியாக வந்தவர் மத்திய இணை அமைச்சராகவும் இருந்தார். தொகுதிக்கு மத்திய அமைச்சரவையில் ஆள் இருந்த காலத்திலேயே தொகுதி கலைந்தது. வேடிக்கைதான், ஆனால் எல்லை வரைகிறவர்கள் அமைச்சர்களைக் கேட்டு வரைவதில்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் மாவட்டத்துக்கென்று முழுசாக ஒரு தொகுதி இருந்தது’ என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். அது சரியல்ல. கலைவதற்கு முன் இந்த மக்களவைத் தொகுதியில் இருந்தவை குளத்தூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை. கடைசி இரண்டும் தஞ்சாவூர் மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் அப்போதே சிவகங்கையில்தான் இருந்தது. ஆக, பழைய தொகுதியும் மாவட்ட எல்லையோடு ஒட்டிப் போனதில்லை. ஆனால் நான்கு சட்டமன்றத் தொகுதிகள் ஒன்றாக இருந்தன, நடுவில் புதுக்கோட்டை நகரம் இருந்தது, பெயரும் இருந்தது.

கணக்கு எங்கே இடறியது

2002-ன் தொகுதி எல்லை வரையறைச் சட்டத்தின்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்து எல்லைகளை வரைந்தது. மாநிலங்களுக்கான மொத்த இடங்களைத் தொடக்கூடாது என்று அரசியலமைப்புத் திருத்தம் முன்பே கட்டிப்போட்டிருந்தது. எனவே தமிழ்நாட்டுக்கு 39, 234 என்பவை மாறவில்லை. உள்ளே கோடுகள்தான் மாறின. புதிய எல்லைகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன.

2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். 39 ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14 லட்சத்து 59 ஆயிரம். சராசரியைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. பத்து சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்பது ஆணையம் பின்பற்றிய பொது வரம்பு. அந்த வரம்புக்குள் மாவட்டம் முழுவதுமே ஒரு தொகுதியாக அடங்கியிருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதே ஆணையில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு சட்டமன்றத் தொகுதி கூடியிருக்கிறது. முன்பு குளத்தூர், புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று ஐந்து. குளத்தூர் மறைந்து கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்ததில் ஆறு. வலது கையில் எம்.எல்.ஏ. ஒருவரைக் கொடுத்து இடது கையால் எம்.பி.யை எடுத்துக்கொண்ட கதை.

விடை புதுக்கோட்டைக்குள் இல்லை, பக்கத்து மாவட்டங்களில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடி தொகுதி மறைந்து ஐந்து நான்காகியது. ராமநாதபுரத்தில் கடலாடி மறைந்து அங்கும் ஐந்து நான்கானது. எம்.பி. தொகுதிக்கு ஆறு வேண்டும். சிவகங்கைக்கு இரண்டு பற்றாக்குறை, ராமநாதபுரத்துக்கு இரண்டு பற்றாக்குறை. வடக்கே திருச்சி மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்கும், மணப்பாறை கரூருக்கும் போய்விட, திருச்சிக்கு மிஞ்சியது நான்கு. அங்கேயும் இரண்டு பற்றாக்குறை. மணப்பாறையையும் வேடசந்தூரையும் சேர்த்துக்கொண்ட பிறகும் கரூருக்கு ஒன்று பற்றாக்குறை.

இப்போது வரைபடத்தைப் பார்த்தால் நடுவில் ஆறு தொகுதிகளோடு புதுக்கோட்டை நிற்கிறது. சிவகங்கைக்கு இரண்டு (திருமயம், ஆலங்குடி). ராமநாதபுரத்துக்கு ஒன்று (அறந்தாங்கி). அதன் இன்னொரு குறையை விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி தீர்த்தது. திருச்சிக்கு இரண்டு (கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை). கரூருக்கு ஒன்று (விராலிமலை). இரண்டும் ஒன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு. முழுசாக இருந்த ஒரே பாத்திரத்தை உடைத்து நான்கு ஓட்டைப் பாத்திரங்களை அடைத்திருக்கிறார்கள். பழைய தொகுதியில் இருந்த பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் தங்கள் மாவட்டத் தலைநகரான தஞ்சாவூரோடு போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டு ஊர்களுக்கும் அது நியாயமாகவே அமைந்தது.

இதற்குப் பின்னால் இன்னார் தலையீடு, அன்னார் ஆதாயம் என்று திண்ணைகளில் கதைகள் உண்டு. எனக்கு அவை தேவைப்படவில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்றையும் கூட்டினால் 14 சட்டமன்றத் தொகுதிகள், அதாவது இரண்டேகாலுக்குச் சற்று மேல் எம்.பி. தொகுதிகள். மூன்று பெயர்களில் ஒன்று நெருக்கடிக்கு உள்ளாகத்தான் வேண்டும். எந்தப் பெயர் என்பதில்தான் தேர்வு இருந்தது. நடுவில் இருந்தது மாட்டிக்கொண்டது.

ஆனால் நான்காகச் சிதறியதைக் கணக்கு ஒன்றே நியாயப்படுத்திவிடாது. எல்லை வரைகையில் நிலப்பரப்பு ஒட்டியிருக்க வேண்டும், நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் பொதுமக்கள் வசதியையும் பார்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அன்னவாசல் இருப்பது விராலிமலைத் தொகுதியில். அந்த ஊர்க்காரர் ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு, ஆட்சியரிடம் மனு என்று எதற்கும் புதுக்கோட்டைக்குத்தான் பஸ் ஏறுவார். அவருடைய எம்.பி. தொகுதியின் தலைநகரம் கரூர். திருச்சியைத் தாண்டி, காவிரிக்கரையோடு போய், அமராவதிக் கரையில் இருக்கிற ஊர். பொதுமக்கள் வசதி என்ற சொல்லை இதோடு எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெயரையாவது காப்பாற்றியிருக்கலாம். இதே சீரமைப்பில் கர்நாடகத்தில் உடுப்பி–சிக்கமகளூரு என்றும் ராஜஸ்தானில் டோங்க்–சவாய் மாதோபூர் என்றும் இரட்டைப் பெயர்த் தொகுதிகள் பிறந்தன. திருச்சி–புதுக்கோட்டை என்று வைத்திருந்தால் ஒரு செலவும் இல்லை.

மற்றவர்கள் இழந்ததும் இவர்கள் இழந்ததும்

2008-ல் தமிழ்நாட்டில் பெயர் இழந்தது புதுக்கோட்டை மட்டுமல்ல. செங்கல்பட்டு, திண்டிவனம், வந்தவாசி, திருப்பத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, கோபிசெட்டிபாளையம், பழனி, பெரியகுளம், சிவகாசி, திருச்செந்தூர், நாகர்கோவில் என்று பட்டியல் நீளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் இடத்தில் வந்த பெயரைப் பாருங்கள். திண்டிவனம் போய் விழுப்புரம், ராசிபுரம் போய் நாமக்கல், திருச்செங்கோடு போய் ஈரோடு, பெரியகுளம் போய் தேனி, சிவகாசி போய் விருதுநகர், திருச்செந்தூர் போய் தூத்துக்குடி. சிற்றூரின் பெயர் போய் மாவட்டத் தலைநகரின் பெயர் வந்தது. நாகர்கோவில் தலைநகரம்தான் என்றாலும் அதன் இடத்தில் மாவட்டத்தின் பெயரே வந்தது. மாவட்டத்தின் பெயரையும் தலைநகரின் பெயரையும் ஒருசேரத் தாங்கிய தொகுதியாக இருந்து, மாற்றுப் பெயர்கூட இல்லாமல் கரைந்தது புதுக்கோட்டை.

எதிர்ப்பு எடுத்த வடிவம்

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், எல்லை வரையறை ஆணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 329-வது பிரிவும் சட்டமும் சொல்கின்றன. நாடாளுமன்றத்தின் முன் அந்த ஆணை வைக்கப்படும், ஆனால் ஒரு கால்புள்ளியைக்கூட அங்கே மாற்ற இயலாது. ஆணையத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். பேசலாம்; வாக்களிக்கும் உரிமை கிடையாது.

எல்லாக் கதவும் சாத்தியிருந்த நிலையில் 2009 தேர்தலில் புதுக்கோட்டையில் கிளம்பியது 49-ஓ. தேர்தல் நடத்தை விதிகளில் இருந்த அந்த விதிப்படி, வாக்காளர் சாவடிக்குள் போய், விரலில் மை வைத்துக்கொண்டு, 17-ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, ‘நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை’ என்று அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைக் குறிப்புப் பகுதியில் எழுதுவார். அதன் கீழே மறுபடி கையெழுத்து, இல்லையேல் கைநாட்டு. கட்சி முகவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரகசிய வாக்கெடுப்பு நடக்கிற அறையில் ரகசியமே இல்லாத ஒரே செயல் அதுதான். ஊருக்குள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் இடத்தில் இதைச் செய்ய நெஞ்சழுத்தம் வேண்டும். தொகுதியைத் திருப்பிக் கேட்டு அந்தக் கையெழுத்தைப் போட்டார்கள்.

2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் வந்தது. அடுத்த தேர்தலில் அழைப்பு நோட்டாவுக்கு மாறியது. கூச்சம் போயிற்று. விளைவு மட்டும் முன்போலவேதான். எத்தனை பேர் அழுத்தினாலும் அதிக வாக்குப் பெற்ற வேட்பாளர்தான் எம்.பி. அதிலும் இங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. மாவட்டத்தின் கோபம் நான்கு வேறு வேறு தொகுதிகளின் நோட்டாக் கணக்கில் பிரிந்து விழுகிறது. எந்தச் சிதறலை எதிர்த்தார்களோ, அதே சிதறல் எதிர்ப்பையும் கரைத்துவிடுகிறது.

நான்கு எம்.பி. என்றால் நான்கு மடங்கா?

‘ஒருவருக்கு நான்கு பேராகக் கிடைத்திருக்கிறார்களே, நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பது நம் ஊர் அனுபவம்.

அறந்தாங்கியை மட்டும் இதில் விலக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இலங்கைக் கடற்படையால் வரும் தொல்லையும் ராமேசுவரம் மீனவர்களுக்கு வரும் தொல்லையும் ஒன்றேதான். ராமநாதபுரம் எம்.பி. அதைப் பேசுகையில் இவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறார். திருமயத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்கும் காரைக்குடி அந்நியமல்ல. கடைவீதி முதல் கல்யாணம் வரை அங்கேதான்.

ஆலங்குடியின் கதை வேறு. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், அந்தச் சுற்றுவட்டாரமே திரண்டு உட்கார்ந்தது. முழுக்க முழுக்க மத்திய அரசு எடுத்த முடிவு. மாவட்டத்துக்கென்று ஓர் எம்.பி. இருந்திருந்தால் அவர் முகத்தைத்தான் முதலில் தேடியிருப்பார்கள். நெடுவாசலின் எம்.பி. சிவகங்கைக்காரர், நெடுவாசல் மனு கொடுக்கும் ஆட்சியர் புதுக்கோட்டைக்காரர், அந்த ஆட்சியர் அலுவலகம் இருக்கிற நகரத்தின் எம்.பி. திருச்சிக்காரர். அந்தப் போராட்டம் கிராமத்து மக்களின் பிடிவாதத்தால் நடந்தது. நான்கு எம்.பி.க்களின் பலத்தால் அல்ல.

சில நேரங்களில் இந்த ஒட்டுப்போட்ட துண்டுகளே முடிவைத் தீர்மானிக்கவும் கூடும். 2009-ல் சிவகங்கையில் ப. சிதம்பரம் வென்ற வித்தியாசம் 3,354 வாக்குகள். அவ்வளவு மெல்லிய இடைவெளியில், புதுக்கோட்டை மாவட்டத்தின் இரண்டு தொகுதிகள் எந்தப் பக்கமும் தராசைச் சாய்த்திருக்க முடியும். அதை அரசியல் செல்வாக்காக மாற்றிக்கொள்ள அந்த இரண்டு தொகுதிகளுக்கும் சேர்த்துப் பேச ஒரு மேடை வேண்டும். அந்த மேடைதான் இல்லை.

வாக்குப்பதிவு முடிந்த இரவில் இந்தச் சிதறலைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீல் வைத்த இயந்திரங்களோடு லாரிகள் மாவட்டத்திலிருந்து நான்கு திசைகளில் கிளம்பும். சில திருச்சிக்கு, சில காரைக்குடிக்கு, சில ராமநாதபுரத்துக்கு, சில கரூருக்கு. வாக்கு எண்ணும் நாளில் புதுக்கோட்டை நகரத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.

இனி

2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அடுத்த சீரமைப்பு என்பது அரசியலமைப்பு வைத்திருக்கும் கெடு. அதில் தமிழ்நாட்டின் பங்கு குறையுமோ என்ற கவலை மாநிலம் முழுக்கப் பேசப்படுகிறது. புதுக்கோட்டையின் கவலை அதற்குள் இன்னொரு கவலை. மாநிலத்துக்கு இடம் கூடினாலும் குறைந்தாலும், ஆறின் மடங்கில் மறுபடி துண்டு போடும்போது நடுவில் மாட்டப்போவது யார் என்பது. இம்முறை கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ‘எங்கள் தொகுதியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், சிவகங்கையின் குறையையும் ராமநாதபுரத்தின் குறையையும் எப்படித் தீர்ப்பது என்ற மாற்று வரைபடத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும். 2008-ல் தோற்றது உணர்ச்சியில் அல்ல, கூட்டல் கழித்தலில்.

2019-ல் சு. திருநாவுக்கரசர் திருச்சியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையின் எம்.பி.யாக இருந்தவர், அதே புதுக்கோட்டைத் தெருக்களில் திருச்சி வேட்பாளராக வந்து கைகூப்பினார். 1977 முதல் ஆறு முறை அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அறந்தாங்கி, அன்றைக்கு அவருக்கு வாக்களிக்க முடியவில்லை. அந்த ஊரின் வாக்கு ராமநாதபுரத்துக்கு.